அம்மா சாப்பிடாத மீன்

கதிர்,

இந்தக் கடிதத்தைக் கப்பலில் வைத்துப் படிக்காதே. கரைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, தனியாக உட்கார்ந்து படி. படித்து முடித்ததும் உடனே போன் செய்ய வேண்டும் என்றில்லை. ஒரு நாள் எடுத்துக்கொள். இரண்டு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நான் இதை உன்னிடம் சொல்ல ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்துக்கொண்டவன். உன்னை அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, "அம்மாவோட வருஷப் படையலுக்கு அந்த மீனையே கொண்டு வர்றேன்பா. அம்மா கடைசியா ஆசையாச் சாப்பிட்டது அதுதானே" என்றாய். நானும் "சரிப்பா" என்றேன். நம் வீட்டுப் படையல் எப்படி என்று உனக்குத் தெரியும். இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று நாம் வெளியே நிற்போம். உன் அம்மா வந்து பார்க்கும் இலையில் ஒரு பொய்யை வைத்துவிட்டு வெளியே நிற்க என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன். நீ அனுப்பிய மீனை அம்மா சாப்பிடவில்லை. ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை. அதை நான்தான் நம் கொய்யா மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

இதோடு நிறுத்திவிட்டால் இது வெறும் குற்ற ஒப்புதல் ஆகிவிடும். எப்படி நடந்தது என்று முழுதாகச் சொன்னால்தான் உனக்கு என்மேல் எவ்வளவு கோபப்படலாம் என்று தெரியும். ஆகவே பொறுமையாகக் கேள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நீ மீன்வளம் படிக்கப் போகிறேன் என்றபோது நான் சிரித்தது உனக்கு நினைவிருக்கும். "மாரண்டஹள்ளியில தக்காளி மூட்டை இருக்கு, மாங்கா மூட்டை இருக்கு. கடல் எங்கடா இருக்கு?" என்று கேட்டேன். பள்ளியில் மற்ற ஆசிரியர்களிடமும் சொல்லிச் சிரித்தேன். உன் அம்மாதான் சமையலறையிலிருந்து வந்து, "எங்கூட்டுல எல்லாருக்கும் சோறு போட்டது மீனுதாங்க. சிரிக்கறதா இருந்தா சாப்பிடாமச் சிரிங்க" என்றாள். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியும் மீன் பிடித்தும் வளர்ந்த குடும்பத்துப் பெண். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் இரண்டு மாதம் நான் உன்னோடு சரியாகப் பேசவில்லை. பார்த்ததுமே ஒன்றைத் தீர்மானித்துவிடும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. வகுப்பில் மட்டும் "கேள்வியை இரண்டு தடவை படி, அப்புறம் விடை எழுது" என்று ஓயாமல் சொல்வேன்.

அம்மாவுக்கு நோய் முற்றி, இனிச் சேலத்துக்கு அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு அவளுக்கு எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. கஞ்சி வேண்டாம், இட்லி வேண்டாம், ரசம் வேண்டாம். கேட்டால், "உங்க சமையலச் சாப்பிட்டுத்தான் நோவே வந்துச்சு" என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் தானாகவே, "கதிரு சொன்ன அந்தச் செவப்பு மீனு கெடைச்சா ஒரு வாய் திங்கலாம்" என்றாள். அதை உன்னிடம் நான்தான் சொன்னேன். நீயும் அடுத்த முறை கடலுக்குப் போகுமுன், உன் மீன்பிடிக் கப்பல் நிற்கும் துறைமுகத்திலிருந்து ஒரு நண்பர் கையில் விமானத்தில் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றிவிட ஏற்பாடு செய்துவிட்டுப் போனாய். தர்மபுரி பஸ் நிலையத்தில் அந்தத் தெர்மகோல் பெட்டியைக் கையில் வாங்கியபோது, அதன் குளிர் என் சட்டையை நனைத்தது. மாரண்டஹள்ளி வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் "என்னங்க சார், ஐஸ்கிரீமா?" என்றார். "எம் பையன் அனுப்புன மீனுங்க" என்றேன். அவ்வளவு பெருமையாக நான் எதையும் சொல்லி நாளாகியிருந்தது.

அன்றைக்கு உன் முனியப்பன் மாமா அக்காவைப் பார்க்க வந்திருந்தான். நாங்கள் இருவரும் பின்பக்கம் துவைக்கிற கல்மேல் பெட்டியை வைத்து மூடியைத் திறந்தோம். நான் அதுவரை அப்படி ஒரு மீனைப் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் ரோஜாச் சிவப்பு. வால் இரண்டாகப் பிளந்து, மேல் நுனி நீண்டு ஒரு நாடாவைப் போல இருந்தது. ஆனால் முகத்தைப் பார்த்ததும் மனம் சுருங்கிவிட்டது. எலுமிச்சம்பழம் அளவுக்குக் கண்கள் வெளியே பிதுங்கி நின்றன. வாய்க்குள்ளிருந்து ஏதோ பலூன் மாதிரி உப்பி வெளியே தள்ளியிருந்தது.

மாமா ஒரு பார்வைதான் பார்த்தான். "மாமா, மூடுங்க. இது செத்து நாலு நாள் ஆச்சு. வவுறு ஊதி, கொடலு வாய் வழியா வந்துடுச்சு பாருங்க" என்றான்.

"நாத்தம் இல்லையேப்பா" என்றேன்.

"அதான் மாமா சந்தேகமே. மருந்து அடிச்சிருப்பானுங்க. இப்பெல்லாம் கடல் மீனுக்கு அதுதானே பண்றானுங்க. நாப்பது வருசமா மீனத் தொட்டுக்கிட்டு இருக்கறவன் சொல்றேன், இத அக்காவுக்குக் குடுத்தீங்கன்னா நாளைக்கே ஆஸ்பத்திரிதான்."

செவுள் சிவப்பாகத்தான் இருந்தது, கதிர். நானே விரலால் தூக்கிப் பார்த்தேன். நாற்றமும் இல்லை. கையில் இருந்த இரண்டு சான்றும் மீன் நன்றாக இருக்கிறது என்றே சொல்லின. ஆனாலும் கண்ணுக்குத் தெரிந்ததை நம்பினேன், மாமாவின் நாற்பது வருடத்தை நம்பினேன். உனக்குப் போன் போட்டேன், நீ நடுக்கடலில் இருந்தாய், கிடைக்கவில்லை. நாங்கள் நின்ற இடத்திலிருந்து இருபது அடி தூரத்தில் உன் அம்மா படுத்திருந்தாள். அவளிடம் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால், தோன்றியது. "பாத்தா மனசு ஒடஞ்சு போயிரும் மாமா" என்று அவன் சொன்னான், நானும் தலையாட்டினேன். நோயாளி என்று ஆனதும் அவளை நாம் எதையும் தாங்காதவளாக்கிவிட்டோம். டாக்டர் சொன்னதில் பாதியைச் சொல்லவில்லை. சொந்தக்காரர் வீட்டுச் சாவைச் சொல்லவில்லை. இந்த மீனையும் அந்த வரிசையில் சேர்த்தோம்.

மாமா பைக்கை எடுத்துக்கொண்டு போய், மதியத்துக்குள் ஓர் ஆற்று வாளையோடு வந்தான். முள் குறைவு, கடல் மீன் என்று சொன்னால் நம்பிவிடலாம் என்பது அவன் கணக்கு. ஆற்று வாசம் தெரியாமல் இருக்கப் புளியைத் தூக்கலாகக் கரைத்துக் குழம்பு வைத்தேன். அம்மாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, நானே பிசைந்து ஊட்டினேன். மூன்று வாய் சாப்பிட்டாள். பிறகு தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "கண்ணு எப்படிங்க இருந்துச்சு?" என்றாள்.

"யார் கண்ணு?"

"மீனோட கண்ணுதாங்க."

"நல்லாத் தெளிவா இருந்துச்சு. சாதாரணமாத்தான் இருந்துச்சு. புது மீனு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "முனியப்பன் சத்தம் கேட்டுச்சே. அவனுக்கும் ஒரு வாய் போடுங்க. அவன் புடிச்ச மீனாட்டமே இருக்குதும்பான்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். "நல்லாத்தான் இருக்குது. கதிருகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம்" என்றாள்.

அப்படியே செய்தாள். நீ கரைக்கு வந்து பேசிய அன்று போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "சாமி, பஞ்சாட்டம் இருந்துச்சு. ஒரு முள்ளுகூட இல்ல. நாலு துண்டு தின்னேன்" என்றாள். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். நீ மறுமுனையில் அழுதது எனக்கும் கேட்டது. எதற்காக அவள் நாலு துண்டு என்று கூட்டிச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளைமேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் இருபது நாள்கூட அவள் இல்லை.

நீ வந்தாய், கொள்ளி வைத்தாய். ஐந்தாம் நாளே "லீவு வீணாக்காதே, கிளம்பு" என்று உன்னைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஊரில் எல்லோரும் வாத்தியாருக்கு எவ்வளவு மன உறுதி என்றார்கள். அது உறுதி இல்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நீ "அம்மாவுக்கு மீன் அனுப்பினேன், சாப்பிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மாமா எழுந்து வெளியே போவான். நீ இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் எங்கள் முகத்திலேயே கண்டுபிடித்திருப்பாய். அந்தப் பயத்தில்தான் உன்னை அனுப்பினேன். துக்கத்தை என்னோடு உட்கார்ந்து ஆற்றிக்கொள்ள வேண்டிய பிள்ளையை அவசரமாக வெளியே இழுத்துப் போட்டேன். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அது வரைக்கும்கூட நான் நினைத்திருந்தது, கெட்டுப்போன மீனைக் கெட்டுப்போனது என்று சொல்லாமல் மறைத்தோம், அவ்வளவுதான் என்று. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் மாமா வந்து, தன் மீன் கடையில் ஐஸ் வைக்க அந்தத் தெர்மகோல் பெட்டி வேண்டும் என்றான். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினோம். மூடியின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் உறை டேப் போட்டு ஒட்டியிருந்தது. அன்றைக்கு மூடியைத் திறந்து மல்லாத்தி வைக்காமல் அப்படியே கவிழ்த்து வைத்திருக்கிறோம். உறைக்குள் உன் கையெழுத்து. நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். இப்போது எனக்கு அது மனப்பாடம்.

"அப்பா, மீனைப் பார்த்துப் பயந்துடாதீங்க. ரொம்ப ஆழத்திலிருந்து இழுத்ததால் கண் பிதுங்கி, வயிறு வாய் வழியா உப்பி வந்திருக்கும். கெட்டுப் போகல. செவுள் சிவப்பா இருக்கான்னு மட்டும் பாருங்க. குழம்பு வேண்டாம், ஆவியில வேக வெச்சுக் குடுங்க. தலைக்குள்ள ரெண்டு காதுக்கல் இருக்கும், வெள்ளையா, புளியங்கொட்டை அளவுல. எடுத்துக் கழுவி அம்மா கையில குடுங்க. சந்தேகம்னா மீனை அம்மாகிட்ட காட்டுங்க. வீடியோல பாத்திருக்காங்க, அவங்களுக்குத் தெரியும்."

கடைசி வரியைப் படித்த பிறகுதான் "கண்ணு எப்படிங்க இருந்துச்சு?" என்று அவள் கேட்டது எனக்கு விளங்கியது. துறைமுகத்தில் மீன் இறக்கும்போது நீ அவளுக்கு வீடியோவில் காட்டியிருக்கிறாய். கண் பிதுங்கியிருக்கும் என்று அவளுக்கு முன்பே தெரியும். தெளிவாக, சாதாரணமாக இருந்தது என்று நான் சொன்ன அந்த நிமிடத்திலேயே உன் மீனை நான் சமைக்கவில்லை என்று கண்டுகொண்டாள். ஆற்று மீன் தின்று வளர்ந்தவளுக்கு வாளை தெரியாதா? தெரிந்துகொண்டே மூன்று வாய் சாப்பிட்டு, முனியப்பனைக் கிண்டல் செய்து, உன்னிடம் நாலு துண்டு என்று சொன்னாள். நாங்கள் அவளிடம் சொன்ன பொய்யை அவளே எடுத்து உனக்கு ஏற்ற மாதிரி திருத்திக்கொண்டாள். ஒரு சொல்கூட என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மீன் அப்போதும் பெட்டியில்தான் இருந்தது, கதிர். அன்று சாயங்காலம்தான் புதைத்தேன்.

மாமா அந்தத் தாளை என்னிடம் படித்துக் காட்டச் சொன்னான். இரண்டு தடவை படித்தேன். "ஆத்து மீனுக்குத்தான் மாமா என் கண்ணு. அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?" என்றான். பிறகு துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி, "அக்கா, அக்கா" என்று அழுதான். அவன்மேல் நீ கோபப்படாதே. காவிரியில் கண் பிதுங்கி வயிறு ஊதி மிதக்கும் மீன் கெட்டுப்போனதுதான். அவன் பார்த்த தண்ணீருக்கு அவன் சொன்னது சரி. தப்பு என்னுடையது. அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், உனக்குச் சிரிப்புக்கூட வரலாம்.

எட்டாம் வகுப்பில் திரவ அழுத்தம் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே, நடுவே, கீழே மூன்று துளை போட்டுத் தண்ணீர் ஊற்றுவேன். கீழ்த் துளையிலிருந்துதான் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும். முதல் பெஞ்சு நனையும், வகுப்பே சிரிக்கும். "ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும்" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். முப்பது வருடத்துக்கு மேல் எழுதினேன். நீயும் என் வகுப்பில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். நீ அதைக் கடலுக்கு எடுத்துப் போனாய். நான் அதைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒரு மீன் அந்தப் பாடத்தை அப்படியே முகத்தில் எழுதிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு உன் மீனைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். நூறு ஆள் உயரத்துக்கும் கீழே, பாறைச் சரிவுகளில் இருக்குமாம். அங்கே வெளிச்சம் குறைவு என்பதால்தான் அவ்வளவு பெரிய கண். நமக்கு இவ்வளவு சிவப்பாகத் தெரிகிற உடம்பு அந்த ஆழத்தில் கறுப்பாகத்தான் இருக்குமாம், சிவப்பு வெளிச்சம் அதுவரை போய்ச் சேராது. நிதானமாக வளரும், பல பத்தாண்டு வாழும், குஞ்சு பொரிக்கும் வயதுக்கு வரவே வருடங்கள் ஆகும். அதனால் ஒன்றைப் பிடித்தால் அந்த இடம் நிரம்ப ரொம்ப நாள் ஆகும் என்று நீ ஒருமுறை சொன்னாய். மேலே இழுக்கும்போது உள்ளிருக்கும் காற்றுப்பை விரிந்து வயிற்றை வெளியே தள்ளிவிடும். அந்த நிலையில் தண்ணீரில் விட்டாலும் கீழே போக முடியாமல் மிதந்துகொண்டே இருக்கும். கனமான ஈயத்தைக் கட்டி, மெல்ல அதன் ஆழத்துக்கே இறக்கி விட்டால் சில பிழைத்துக்கொள்ளும்.

உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் புத்தி ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும். அவர்களுடைய நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டு அவர்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதே. பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டு. மனம் உடைந்தால் உடையட்டும், பக்கத்தில் உட்கார்ந்துகொள். இருபது அடி நடக்காமல் போனதற்கு நான் இன்றைக்கும் அந்தத் தூரத்தைத் தினமும் நடந்து பார்க்கிறேன்.

நீ மீன் கொண்டு வருகிறேன் என்று சொன்ன மறுநாள் மாமாவை வரச் சொல்லி, கதிரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். "சொல்லிடுங்க மாமா" என்றான். "பிடிச்சதத்தானே படையல்ல வெப்பாங்க? அவ திங்காத மீன வெக்கலாமா?" என்று கேட்டேன். அவன், "ஆசப்பட்டுத் திங்காமப் போனதத்தான் மாமா மொதல்ல வெக்கணும்" என்றான். எனக்கும் அது சரியாகப் படுகிறது. ஆனால் கொண்டு வருவதா வேண்டாமா என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும். கொண்டு வந்தால் ஆவியில் வேக வைக்கலாம். முகத்தை வெட்டாமல் கண்ணோடு இலையில் வைக்கலாம், அவளுக்கு அடையாளம் தெரியட்டும்.

இரண்டு நாளாகக் காலையில் கொய்யா மரத்தடியைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் "சார், வாழை வெக்கறீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லவில்லை. பொய் சொல்வதை நிறுத்தியிருக்கிறேன். "பையனோட பொருள் ஒண்ணு தேடறேங்க" என்றேன். மண்ணை மணல் சலிக்கிற சல்லடையில் போட்டுச் சலித்தேன். முதலில் முதுகெலும்புத் துண்டுகள் வந்தன, பிறகு தலை எலும்பு. இன்று காலை நீ எழுதியிருந்த மாதிரியே, வெள்ளையாக, ஓரத்தில் நெளிநெளியாக, புளியங்கொட்டை அளவில் ஒரு கல் கிடைத்தது. கழுவித் துடைத்து, பஞ்சில் சுற்றி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அதை மெல்லியதாக அறுத்து வளையங்களை எண்ணினால் வயது தெரியும் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாமே. "எனக்குள்ளயும் ஒரு கல்லு இருந்தா எண்ணிப் பாத்து, மீதி எத்தனைன்னு சொல்லிப்புடு சாமி" என்று அவள் கேட்டதாக நீ கொள்ளி வைக்க வந்திருந்தபோது சொன்னாய். எண்ணிச் சொல். உன்னைவிட மூத்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு கல் கிடைக்கவில்லை. எனக்குக் கண் முன்போல் இல்லை. குழியை மூடாமல் விட்டிருக்கிறேன். நீ வந்ததும் இருவரும் சேர்ந்து தேடுவோம். கிடைத்தால் அது அம்மாவின் இலையில் இருக்கட்டும்.

உன் அப்பா